வீட்டுக் கணினிக்கு ஃபயர்வாலும் ஆன்டிவைரஸும் தேவையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தெரிந்தவர்கள் வீட்டுக் கணினிகளைச் சரிபார்த்துக் கொடுப்பது எனக்கு இருபது வருடத்துக்கும் மேலான பழக்கம். கணினிகள் மாறிவிட்டன, ஆபத்துகளும் மாறிவிட்டன, கேட்கப்படும் கேள்விகள் மட்டும் பெரும்பாலும் அதேதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வந்ததை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். அலுவலகக் கணினிகளுக்கு இது பொருந்தாது. வீட்டில் படிக்க, எழுத, படம் பார்க்க, பணம் கட்ட, விளையாட வைத்திருக்கும் கணினிகளைப் பற்றித்தான் பேசுகிறேன்.

ஒரே வரியில் சொல்லுங்கள். தேவையா, இல்லையா?

தேவை. ஆனால் இரண்டுமே ஏற்கெனவே உங்களிடம் இருக்கின்றன. இது பலருக்குத் தெரிவதில்லை. விண்டோஸ் 10 அல்லது 11 வைத்திருந்தால் ஃபயர்வாலும் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸும் முதல் நாளிலிருந்தே ஓடிக்கொண்டிருக்கும். அவற்றை அணைக்காதீர்கள், அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள். பாதுகாப்புக்கென்று ஒதுக்க நேரமோ காசோ இருந்தால் பேக்கப்பிலும் பாஸ்வேர்டிலும் போடுங்கள். இன்றைக்கு வீட்டுக்காரர்கள் அடிவாங்குவது அங்கேதான்.

ஃபயர்வால் உண்மையில் என்ன வேலை செய்கிறது?

இணையத்தில் சேர்ந்த ஒவ்வொரு கணினிக்கும் எண்ணால் ஆன ஒரு முகவரி உண்டு. அந்த முகவரிக்குள் 0 முதல் 65,535 வரை போர்ட் எண்கள். பெரிய கட்டடம் ஒன்றில் வரிசையாகக் கதவுகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான கதவுகளுக்குப் பின்னால் யாரும் இல்லை. சிலவற்றில் மட்டும் விண்டோஸின் ஏதோ ஒரு சேவை யாராவது கூப்பிடுவார்களா என்று காத்துக்கொண்டிருக்கும். கோப்புப் பகிர்வு 445-இல், தூரத்திலிருந்து கணினியை இயக்கும் ரிமோட் டெஸ்க்டாப் 3389-இல், இப்படி.

நீங்கள் ஒரு தளத்தைத் திறக்கும்போது உங்கள் கணினிதான் முதலில் பேசுகிறது. வருவது அதற்கான பதில். ஃபயர்வால் இந்தக் கணக்கை நினைவில் வைத்திருந்து, நீங்கள் கேட்டதற்கு வரும் பதிலை உள்ளே விடும். கேட்காமல் தானாக வந்து கதவைத் தட்டுகிறவரைத் திருப்பி அனுப்பிவிடும். அவ்வளவுதான் அதன் முக்கியமான வேலை. நீங்களே டவுன்லோடு செய்த கோப்பு நல்லதா கெட்டதா என்று அது பார்க்காது. மின்னஞ்சலில் வந்த இணைப்பைப் படிக்காது. இந்த எல்லையைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

ஃபயர்வால் இல்லாவிட்டால் என்னதான் ஆகிவிடும்? நான் எதையும் கிளிக் செய்யவே மாட்டேனே.

எதையும் கிளிக் செய்யாமலே மாட்டிக்கொண்டதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். 2003 ஆகஸ்ட் கடைசி. நண்பர் ஒருவரின் கணினியில் விண்டோஸ் எக்ஸ்பியைப் புதிதாக ஏற்றி, மோடத்தை நேரடியாகச் செருகி, அப்டேட் இறங்கட்டும் என்று உட்கார்ந்திருந்தோம். பிரவுசரைக்கூடச் சரியாகத் திறக்கவில்லை. நடுத்திரையில் சாம்பல் நிறப் பெட்டி ஒன்று வந்தது. ரிமோட் ப்ரொசீஜர் கால் என்ற சேவை எதிர்பாராமல் நின்றுவிட்டதாம், 60 நொடியில் கணினி அணைந்துவிடுமாம். நொடிகள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வந்தன. கணினி அணைந்து, திரும்ப ஏறி, இணையத்தில் சேர்ந்ததும் மறுபடி அதே பெட்டி. மூன்றாவது தடவை கட்டளை தட்டும் ரன் பெட்டியில் ‘ஷட்டவுன் -ஏ’ என்று ஆங்கிலத்தில் தட்டி எண்ணிக்கையை நிறுத்திவிட்டு, அப்டேட் முழுதாக இறங்கும்வரை கையைப் பிசைந்துகொண்டிருந்தோம்.

அது பிளாஸ்டர் என்ற புழு, அதாவது கணினிக்குக் கணினி தானாகவே பரவும் கெட்ட மென்பொருள். 135-ஆம் போர்ட் வழியாக வந்தது. அதற்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் ஒரு மாதம் முன்பே, ஜூலையில், வெளியிட்டிருந்தது. ஆனால் எங்கள் கையிலிருந்த சிடி அதற்கு முந்தையது. இன்றைக்கும் எனக்கு உறுத்துவது என்னவென்றால், எக்ஸ்பிக்குள்ளேயே ஒரு ஃபயர்வால் இருந்தது. அணைந்த நிலையில் இருந்தது. ஒரே ஒரு டிக் போட்டிருந்தால் அந்த இரவு தூங்கியிருப்போம். 2004 மே மாதத்தில் சாஸ்ஸர் என்ற இன்னொரு புழு 445 வழியாக இதேபோல் பரவியது. அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2-தான் ஃபயர்வாலை முதலிலேயே இயங்கும் நிலையில் வைத்தது.

பழைய கதை என்று ஒதுக்கிவிட வேண்டாம். 2017 மே 12 அன்று கிளம்பிய, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை என்ற புழு அதே 445 வழியாகத்தான் 150-க்கும் மேற்பட்ட நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் அதிகமான கணினிகளைப் பூட்டியது. அதற்கான திருத்தமும் மார்ச் மாதமே வந்திருந்தது.

வீட்டில் வைஃபை ரௌட்டர் இருக்கிறது. அதற்குப் பிறகும் கணினியில் ஃபயர்வால் எதற்கு?

நல்ல கேள்வி. ரௌட்டர் உண்மையிலேயே பெரிய காவல். வீட்டிலிருக்கும் கணினி, போன், டிவி எல்லாவற்றுக்கும் வெளியே தெரியும் முகவரி ஒன்றுதான். உள்ளே ஒவ்வொன்றுக்கும் பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும் உள்முகவரி. வெளியிலிருந்து யாராவது தானாக வந்தால், இதை உள்ளே யாருக்குக் கொடுப்பது என்று ரௌட்டருக்குத் தெரியாது, அதனால் கீழே போட்டுவிடும். 2003-இல் எங்களிடம் ஒரு சாதாரண ரௌட்டர் இருந்திருந்தால் பிளாஸ்டர் உள்ளேயே வந்திருக்காது.

ஆனாலும் மூன்று இடங்களில் ரௌட்டர் கைகொடுக்காது. முதலாவது, மடிக்கணினி வீட்டைவிட்டு வெளியே போகும். பொது வைஃபையில் சேர்ந்ததும் முன்பின் தெரியாதவர்களின் கணினிகளோடு ஒரே வலையில் நிற்கிறீர்கள். அங்கே உங்கள் வீட்டு ரௌட்டர் இல்லை. இரண்டாவது, ஆபத்து வீட்டுக்குள்ளிருந்தே வரலாம். விருந்தாளி கொண்டுவந்த மடிக்கணினி, பல வருடமாக அப்டேட் காணாத கேமரா, இவை எல்லாம் ரௌட்டருக்கு உள்பக்கம்தான் இருக்கின்றன. மூன்றாவது, யூபிஎன்பி என்ற வசதி. வீட்டுக்குள் இருக்கும் ஒரு விளையாட்டோ கேமராவோ உங்களைக் கேட்காமலே ரௌட்டரிடம் சொல்லி வெளிக்கதவைத் திறக்கச்செய்ய முடியும். எதற்கும் அது தேவைப்படவில்லை என்றால் ரௌட்டரில் அதை அணைத்துவிடலாம்.

ஆகவே இரண்டும் இருக்கட்டும். கணினியின் ஃபயர்வாலுக்காக நீங்கள் செலவழிப்பது எதுவும் இல்லை, வேகமும் குறையாது.

ரௌட்டரைப் பற்றி இன்னும் ஒன்று. அதன் நிர்வாகப் பாஸ்வேர்டு பெட்டியிலிருந்து எடுத்தபோது இருந்ததுதானா? அப்படியானால் இதை மூடிவைத்துவிட்டு முதலில் அதை மாற்றிவிட்டு வாருங்கள். 2016-இல் மிராய் என்ற மென்பொருள் லட்சக்கணக்கான கேமராக்களையும் ரௌட்டர்களையும் பிடித்தது எந்தப் பெரிய வித்தையாலும் இல்லை. கம்பெனி வைத்த பெயர்களும் பாஸ்வேர்டுகளும் கொண்ட சின்னப் பட்டியலை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தது, திறந்துகொண்டன. அந்த வருடம் அக்டோபரில் அவற்றை வைத்தே, தளங்களின் பெயருக்கான முகவரியைத் தேடித்தரும் டைன் என்ற நிறுவனத்தைத் தாக்கியதில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்கள் பல இடங்களில் பல மணி நேரம் திறக்கவில்லை.

‘இந்த புரோகிராமை அனுமதிக்கவா?’ என்று ஃபயர்வால் கேட்கிறது. என்ன பதில் சொல்வது?

அந்தப் பெட்டியின் பொருள் இது: ஒரு மென்பொருள் வெளியிலிருந்து வரும் அழைப்புகளை வாங்கிக்கொள்ள ஆசைப்படுகிறது. உள்ளிருந்து வெளியே போவதைப் பற்றி அது கேட்கவில்லை. விண்டோஸ் ஃபயர்வால் வெளியே போவதைச் சாதாரணமாகத் தடுப்பதில்லை. அதனால் நீங்கள் ‘வேண்டாம்’ என்று சொன்னாலும் பெரும்பாலான மென்பொருள்கள் வழக்கம்போல் ஓடும். முதலில் வேண்டாம் என்று சொல்லிப் பாருங்கள். நண்பர்களோடு சேர்ந்து ஆடும் விளையாட்டோ, வீட்டுக்குள் கோப்பு அனுப்பும் மென்பொருளோ வேலை செய்யாமல் போனால் அப்போது வீட்டு வலைக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். பெயரே தெரியாத ஒன்று கேட்டால், பெட்டியில் காட்டும் கோப்பின் இருப்பிடத்தைப் பாருங்கள். டவுன்லோட்ஸிலோ டெம்ப் ஃபோல்டரிலோ இருந்தால் சந்தேகப்படுங்கள்.

புதிய வைஃபையில் சேரும்போது ‘பப்ளிக்’, ‘பிரைவேட்’ என்று விண்டோஸ் பிரித்துக் காட்டுவதும் இதோடு சேர்ந்ததுதான். உங்கள் வீடு பிரைவேட். மற்ற எல்லா இடமும் பப்ளிக், உறவினர் வீடு உட்பட.

டிஃபெண்டர் போதுமா? இலவசமாக வருவது எப்படி நன்றாக இருக்கும்?

போதும். ஒரு காலத்தில் நானே போதாது என்று சொல்லியிருக்கிறேன், அப்போது அது சரியாகவும் இருந்தது. விண்டோஸ் விஸ்டாவில் வந்த டிஃபெண்டர் உளவு மென்பொருளை மட்டும் பார்த்தது. முழு ஆன்டிவைரஸாக அது விண்டோஸுக்குள்ளேயே வந்தது 2012-இல், விண்டோஸ் 8-உடன். ஆரம்ப வருடங்களில் சோதனைகளில் பின்தங்கித்தான் இருந்தது. இன்று ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவின் ஏவி-கம்பாரட்டிவ்ஸ் ஆகிய சோதனைக்கூடங்களின் அறிக்கைகளைப் பார்த்தால், காசுக்கு விற்கும் மென்பொருள்களோடு தோளோடு தோள் நிற்கிறது. அந்த அறிக்கைகள் இணையத்தில் எல்லோரும் படிக்கும்படி கிடைக்கின்றன. விற்பவர் சொல்வதை நம்புவதைவிட அவற்றைப் பார்ப்பது நல்லது.

அப்படியென்றால் காசு கொடுத்து எதுவும் வாங்கவே வேண்டாமா?

பெரும்பாலானவர்களுக்கு வேண்டாம். வாங்குவதற்கு நியாயமான காரணங்கள் சில உண்டு. பல கருவிகளை ஒரே இடத்திலிருந்து கவனிக்க விரும்புகிறவர்கள், குழந்தைகளுக்கான கட்டுப்பாடு ஒரே பொதியில் வேண்டுமென்பவர்கள், சிக்கல் வந்தால் கேட்க ஓர் ஆள் வேண்டுமென்பவர்கள் வாங்கலாம். ‘வைரஸ் பிடிக்கும் திறன் இரண்டு மடங்கு’ என்ற எதிர்பார்ப்போடு வாங்கினால் ஏமாற்றம்தான்.

புதுக் கணினியில் கம்பெனியே ஒரு சோதனைப் பதிப்பை ஏற்றி அனுப்பியிருக்கும். சில வாரம் கழித்து ‘உங்கள் பாதுகாப்பு முடிந்துவிட்டது’ என்று சிவப்பில் மிரட்டும். பயந்துபோய்ப் பணம் கட்டியவர்கள் எத்தனையோ பேர். அதை அன்இன்ஸ்டால் செய்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்தால் டிஃபெண்டர் தானாகவே பொறுப்பை எடுத்துக்கொள்ளும். காலாவதியான ஒன்றை அப்படியே விட்டுவைப்பதுதான் மோசம்.

வேறு இலவச ஆன்டிவைரஸ் போடலாமா?

தேவை இல்லாததால் வேண்டாம் என்கிறேன். இன்னொரு காரணமும் இருக்கிறது. ஆன்டிவைரஸ் உங்கள் கணினியில் எல்லாவற்றையும் பார்க்கும் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. அந்த இடத்தில் இருப்பவர் எப்படிச் சம்பாதிக்கிறார் என்று கேட்டே ஆகவேண்டும். அவாஸ்ட் நிறுவனம் பயனர்களின் பிரவுசிங் விவரங்களைச் சேகரித்துத் தன் துணை நிறுவனமான ஜம்ப்ஷாட் வழியாக விற்றதற்காக, அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 2024-இல் அதை 1.65 கோடி டாலர் கட்டச் சொன்னது. காப்பாற்றுவதாகச் சொன்னவரிடமே விவரங்கள் கசிந்தன என்பது எனக்கு இன்னும் வருத்தம் தரும் விஷயம், ஏனென்றால் அதைப் பலருக்குப் பரிந்துரைத்தவர்களில் நானும் ஒருவன்.

இரண்டு ஆன்டிவைரஸ் போட்டால் இரட்டைப் பாதுகாப்பா?

இல்லை. ஒரு கோப்பைத் திறந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் அதைப் பிடித்து இழுக்கும். கணினி திணறும், சில சமயம் ஒன்றை ஒன்று வைரஸ் என்று நினைக்கும். நேரடிக் காவலுக்கு ஒன்றுதான். சந்தேகம் வந்தால் இன்னொன்றை வைத்து ஒருமுறை ஸ்கேன் செய்து பார்த்துவிட்டு எடுத்துவிடலாம். ஒரே ஒரு கோப்பைப் பற்றித்தான் சந்தேகம் என்றால் வைரஸ்டோட்டல் தளத்தில் ஏற்றிப் பாருங்கள், பல பத்து ஆன்டிவைரஸ்கள் அதைச் சோதித்துச் சொல்லும். ஆனால் சொந்த ஆவணங்களை அங்கே ஏற்றாதீர்கள். ஏற்றுவது பாதுகாப்பு ஆய்வாளர்களின் கைக்கும் போகும்.

ஆன்டிவைரஸ் இருந்தும் என் தெரிந்தவர் கணக்கு திருடு போனது. எப்படி?

இதைத்தான் நான் அதிகம் பேச விரும்புகிறேன், ஏனென்றால் இப்போது என்னிடம் வரும் கணினிகளில் பெரும்பாலானவை இப்படித்தான் மாட்டியிருக்கின்றன. வெளியிலிருந்து யாரும் கதவை உடைப்பதில்லை. உள்ளே இருப்பவரையே திறக்கச் சொல்கிறார்கள்.

ஒரு பையனின் கணினி. விளையாட்டு ஒன்றைக் காசு கட்டாமல் ஓடவைக்கும் கிராக் தேடியிருக்கிறான். ஒரு வீடியோவின் கீழே லிங்க். இறங்கியது பாஸ்வேர்டு போட்ட ஒரு ஜிப் கோப்பு. பாஸ்வேர்டு 1234 என்று பக்கத்திலேயே எழுதியிருந்தது. ரகசியம் காக்க யாரும் 1234 வைக்கமாட்டார்கள். பாஸ்வேர்டு இருந்தால் ஆன்டிவைரஸால் உள்ளே பார்க்க முடியாது, அதற்காக வைத்தது. கூடவே ஒரு குறிப்புக் கோப்பு, அதில் முதல் வரி: ‘இன்ஸ்டால் செய்யும் முன் ஆன்டிவைரஸை அணைக்கவும், அது தவறாகக் காட்டும்.’ பையன் அணைத்தான். ஓடவிட்டான். திரையில் எதுவும் நடக்கவில்லை. கிராக் வேலை செய்யவில்லை என்று அழித்துவிட்டுத் தூங்கப் போய்விட்டான். மறுநாள் அவனுடைய மின்னஞ்சல், விளையாட்டுக் கணக்கு, அம்மாவின் சமூக வலைத்தளக் கணக்கு மூன்றும் வேறு யாரோ கையில்.

இந்த வகைக்கு இன்ஃபோஸ்டீலர் என்று பெயர். சில நொடிகளில் பிரவுசர் சேமித்து வைத்த பாஸ்வேர்டுகளையும் குக்கிகளையும் அள்ளி அனுப்பிவிடும். குக்கி என்பது நீங்கள் ஏற்கெனவே உள்ளே நுழைந்துவிட்டதற்கான சீட்டு மாதிரி. அந்தச் சீட்டு கையில் இருந்தால் பாஸ்வேர்டும் வேண்டாம், போனுக்கு வரும் ஓடிபியும் வேண்டாம். அதனால்தான் ‘இரண்டடுக்குப் பாதுகாப்பு வைத்திருந்தேனே’ என்று பலர் குழம்புகிறார்கள்.

இன்னொரு தந்திரம் 2024 முதல் நிறையப் பரவுகிறது. ஏதோ ஒரு தளத்தில் ‘நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபியுங்கள்’ என்று வரும். பொத்தானை அழுத்தினால் மூன்று படிகள் சொல்லும்: விண்டோஸ் பொத்தானையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள், கன்ட்ரோலும் வி-யும் அழுத்துங்கள், என்டர் தட்டுங்கள். பொத்தானை அழுத்திய அந்த நொடியிலேயே ஒரு கட்டளை உங்கள் கிளிப்போர்டில் காப்பி ஆகியிருக்கும். மூன்று படியையும் செய்து முடித்தால், அந்தக் கட்டளையை உங்கள் கையாலேயே உங்கள் கணினியில் ஓடவிட்டிருப்பீர்கள். விண்டோஸும் ஆரும் சேர்ந்தால் திறப்பது ரன் பெட்டி. நிஜமான எந்தச் சோதனையும் அதைத் திறக்கச் சொல்லாது. வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் இந்த ஒரு விஷயத்தை மட்டுமாவது உட்காரவைத்துக் காட்டுங்கள்.

எனக்கு வருகிற கோப்பு நல்லதா என்று நானே எப்படிப் பார்ப்பது?

கோப்புப் பெயரின் கடைசியில் அதன் வகையைக் காட்டும் பகுதியை விண்டோஸ் மறைத்துவிடுகிறது. ‘கல்யாணப் படங்கள்.ஜேபிஜி.இஎக்ஸ்இ’ என்ற கோப்பு திரையில் ‘கல்யாணப் படங்கள்.ஜேபிஜி’ என்றுதான் தெரியும். படம் என்று நினைத்துத் திறப்பீர்கள், ஓடுவது புரோகிராம். ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் வியூ மெனுவுக்குள் போய் ‘ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்’ என்பதை டிக் செய்தால் முழுப்பெயர் தெரியும். புதுக் கணினி எதைத் தொட்டாலும் நான் முதலில் செய்வது இதைத்தான்.

திரையின் மூலையில் ‘5 வைரஸ்கள் உள்ளன’ என்று அடிக்கடி வருகிறது. டிஃபெண்டர் சொல்கிறதா?

பெரும்பாலும் இல்லை. எப்போதோ ஏதோ ஒரு தளம் ‘நோட்டிஃபிகேஷன் அனுப்பலாமா’ என்று கேட்டபோது ‘அலவ்’ தட்டியிருப்பீர்கள். அந்தத் தளம்தான் பிரவுசர் வழியாக இப்படி அனுப்புகிறது. கணினியில் வைரஸ் இருக்கவேண்டும் என்றே இல்லை. அந்த அறிவிப்பில் பிரவுசரின் பெயரும் தளத்தின் பெயரும் சிறிய எழுத்தில் இருக்கும், பாருங்கள். பிரவுசர் செட்டிங்கில் நோட்டிஃபிகேஷன் பட்டியலுக்குப் போய் தெரியாத தளங்களை எல்லாம் நீக்குங்கள், நின்றுவிடும்.

முழுத்திரையை மறைத்துக்கொண்டு, சத்தம் போட்டு, ‘இந்த எண்ணை அழையுங்கள்’ என்று வருவதும் வெறும் இணையப் பக்கம்தான். எஸ்கேப் பொத்தானைச் சில நொடி அழுத்திப்பிடியுங்கள், இல்லையென்றால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் அழுத்தி டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை மூடுங்கள். அழைக்க மட்டும் வேண்டாம். மைக்ரோசாஃப்ட் தன் எச்சரிக்கைகளில் போன் நம்பர் கொடுப்பதில்லை. ஏற்கெனவே அழைத்து, அவர்கள் சொன்ன ரிமோட் மென்பொருளையும் ஏற்றிவிட்டீர்களா? இணையத்தைத் துண்டித்துவிட்டு உடனே வங்கியைக் கூப்பிடுங்கள்.

மேக், லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு?

மேக்கில் வைரஸ் வராது என்பது தவறு. 2012-இல் ஃப்ளாஷ்பேக் என்ற ஒன்று ஜாவாவில் இருந்த ஓட்டை வழியாக ஆறு லட்சத்துக்கும் அதிகமான மேக்குகளைப் பிடித்தது. ஆப்பிள் எக்ஸ்ப்ரொடெக்ட், கேட்கீப்பர் என்ற காவல்களை உள்ளேயே வைத்திருக்கிறது. அவை எச்சரிக்கும்போது மீறித் திறக்காமல் இருந்தால் போதும். மேக்கின் ஃபயர்வால் மட்டும் பெரும்பாலும் அணைந்தே இருக்கும், நெட்வொர்க் செட்டிங்கில் போய் ஆன் செய்துகொள்ளுங்கள். உபுண்டுவில் யூஎஃப்டபிள்யூ என்ற ஃபயர்வால் இருக்கிறது, அதையும் நீங்களேதான் இயக்கவேண்டும்.

கிளவுடில் எல்லாம் இருக்கிறது. தனியாக பேக்கப் எதற்கு?

ரான்சம்வேர் வந்தால் உங்கள் கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும். கிளவுட் ஃபோல்டர் கணினியோடு ஒத்திசைந்தே இருப்பதால், பூட்டிய கோப்புகள் அங்கேயும் போய் நல்லவற்றின் இடத்தில் உட்கார்ந்துவிடும். பழைய பதிப்புகளை வைத்திருக்கும் வசதி அந்தச் சேவையில் இருந்தால் மீட்கலாம், இல்லையென்றால் போனது போனதுதான். வெளி ஹார்டு டிஸ்க் ஒன்றை வாங்கி, மாதம் ஒருமுறையாவது காப்பி எடுத்து, எடுத்ததும் கழற்றி வைத்துவிடுங்கள். கழற்றுவது முக்கியம். செருகியே இருந்தால் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

எந்த ஆன்டிவைரஸும் நூற்றுக்கு நூறு பிடிக்காது. அது தவறவிட்ட நாளில் உங்கள் குழந்தையின் முதல் படங்களைக் காப்பாற்றப்போவது அலமாரியில் கிடக்கும் அந்த டிஸ்க்தான்.

டிஃபெண்டரில் ‘கன்ட்ரோல்ட் ஃபோல்டர் ஆக்சஸ்’ என்ற வசதியும் இருக்கிறது, 2017-இல் வந்தது. தெரியாத மென்பொருள்கள் உங்கள் ஆவணங்களில் கைவைப்பதைத் தடுக்கும். முதலில் அணைந்தே இருக்கும். ஆன் செய்தால் சில நல்ல மென்பொருள்களையும் மறிக்கும், அவற்றுக்கு ஒவ்வொன்றாக அனுமதி கொடுக்கப் பொறுமை இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய விண்டோஸ்தான் இருக்கிறது. நல்ல ஆன்டிவைரஸ் போட்டுச் சமாளிக்கலாமா?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. வீட்டுப் பயனர்கள் பதிவு செய்துகொண்டால் கூடுதலாக ஓராண்டு பாதுகாப்பு அப்டேட் கிடைக்கும்படி மைக்ரோசாஃப்ட் ஏற்பாடு செய்திருக்கிறது. பதிவு செய்யாமல் விட்டிருந்தால் செய்துவிடுங்கள். விண்டோஸ் 7, 8 என்றால் அதில் இனி வங்கி வேலை வேண்டாம். ஆன்டிவைரஸ் விண்டோஸின் ஓட்டைகளை அடைக்காது. வான்னாக்ரையில் மாட்டியவற்றில் மிகப் பெரும்பாலானவை மார்ச் மாதத் திருத்தத்தைப் போடாத விண்டோஸ் 7 கணினிகள். புது விண்டோஸ் ஏறாத பழைய கணினியில் லினக்ஸ் நன்றாகவே ஓடும்.

விபிஎன் போட்டால் வைரஸ் வராதா?

வரும். விபிஎன் நீங்கள் அனுப்புவதை வழியில் இருப்பவர் பார்க்காமல் மறைக்கும். இறங்கும் கோப்பில் என்ன இருக்கிறது என்பதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

ஆன்டிவைரஸ் வேலை செய்கிறதா என்று சோதிக்க முடியுமா?

முடியும், ஆபத்தில்லாமல். எய்கார் என்ற அமைப்பின் தளத்தில் 68 எழுத்துகள் கொண்ட ஒரு சோதனைக் கோப்பு கிடைக்கும். அதில் வைரஸ் எதுவும் இல்லை, ஆனால் எல்லா ஆன்டிவைரஸ்களும் அதைக் கண்டால் கத்தவேண்டும் என்பது பொது ஏற்பாடு. இறக்கிப் பாருங்கள். உங்களுடையது சத்தமே போடவில்லை என்றால் அது தூங்குகிறது.

தொற்றிவிட்டது என்று சந்தேகம். இப்போது என்ன செய்ய?

முதலில் இணையத்தைத் துண்டியுங்கள். வைஃபையை அணைத்தால் போதும். கோப்புகள் பூட்டப்படுவது கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் கணினியையே அணைத்துவிடுங்கள்.

அடுத்து வேறொரு கருவியை எடுங்கள், போனாக இருந்தாலும் சரி. அதிலிருந்து பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். தொற்றிய கணினியிலேயே உட்கார்ந்து மாற்றினால் புது பாஸ்வேர்டும் அவர்களுக்கே போகும். மின்னஞ்சல் முதலில், ஏனென்றால் மற்ற எல்லாவற்றின் பாஸ்வேர்டையும் மாற்றும் வழி அதன் வழியாகத்தான் போகிறது. அடுத்தது வங்கி. ஒவ்வொரு கணக்கிலும் ‘எல்லா கருவிகளிலிருந்தும் வெளியேறு’ என்பதை அழுத்துங்கள். மேலே சொன்ன குக்கிச் சீட்டுகள் செல்லாமல் போவது அப்போதுதான்.

அப்புறம் கணினிக்கு வாருங்கள். டிஃபெண்டரின் ஸ்கேன் ஆப்ஷன்ஸில் ‘ஆஃப்லைன் ஸ்கேன்’ என்று ஒன்று இருக்கும். கணினி மறுபடி ஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் ஏறுவதற்கு முன்பே தேடும், சுமார் கால் மணி நேரம் ஆகும். விண்டோஸ் ஓடும்போது ஒளிந்துகொள்பவை இதில் மாட்டும். ரான்சம்வேர் என்றால் பணம் கட்டுவதற்கு முன் நோ மோர் ரான்சம் தளத்தைப் பாருங்கள். யூரோபோலும் நெதர்லாந்து போலீசும் பாதுகாப்பு நிறுவனங்களும் சேர்ந்து 2016-இல் தொடங்கியது. பல வகைகளுக்கான சாவிகளை அங்கே இலவசமாக வைத்திருக்கிறார்கள். உங்களுடையதற்குச் சாவி இல்லாவிட்டாலும் பூட்டிய கோப்புகளை அழித்துவிடாமல் ஒரு டிஸ்கில் போட்டு வையுங்கள், பின்னால் சாவி வெளிவந்த வகைகள் உண்டு.

இன்ஃபோஸ்டீலர் என்று தெரிந்தால் நான் ஸ்கேனோடு விடுவதில்லை. ஆவணங்களையும் படங்களையும் மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு, டிஸ்கை முழுக்க அழித்து விண்டோஸை முதலிலிருந்து ஏற்றுவேன். அந்தப் பையனின் கணினிக்கும் அதைத்தான் செய்தேன். ஏற்றி முடித்ததும் டிஃபெண்டரும் ஃபயர்வாலும் பச்சை டிக்கோடு ஓடுகிறதா என்று அவனையே திறந்து பார்க்கச் சொன்னேன். அம்மாவின் கணக்கு திரும்பக் கிடைக்கப் பதினோரு நாள் ஆனது.